கூண்டு மாற்றி எடுத்த ஒன்பது முட்டைகள்

தாயி,

திருமயத்தில் உன் வீட்டிலிருந்து பஸ் ஏறி வந்து ஒன்பது நாளாகிறது. "போய்ச் சேந்துட்டீங்களாப்பா?" என்று அன்றைக்கு நீ கேட்டதற்கு, சேர்ந்துவிட்டேன் என்று ஒரே சொல்லில் போனை வைத்தேன். அதற்குப் பிறகு நீ கூப்பிட்ட மூன்று தடவையும் வயலில் நிற்கிறேன், மோட்டார் சத்தத்தில் காது கேட்கவில்லை, அப்புறம் பேசுகிறேன் என்று தப்பித்தேன். மூன்று தடவையும் வீட்டு வாசலில் நாற்காலி போட்டுச் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன். சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அதைப் போனில் சொன்னால் பாதியிலேயே நீ, "விடுங்கப்பா, எப்பவோ நடந்தது" என்று என் வாயை அடைத்துவிடுவாய். தப்பித்தோம் என்று நானும் விட்டுவிடுவேன். நான் அப்படிப்பட்ட ஆள்தான். கடிதம் என்றால் நீ குறுக்கே பேச முடியாது. முழுக்கப் படி, பிறகு என்ன திட்ட வேண்டுமோ திட்டு.

அன்று உன் வீட்டுக் கொல்லையில் அந்தச் சிவப்புப் பெட்டையைப் பார்த்தேன். பழைய கூடைக்குள், ஒரு முட்டைகூட இல்லாமல், வெறும் வைக்கோல் மேல் அடை படுத்திருந்தது. கிட்டே போனதும் இறகைச் சிலிர்த்துக்கொண்டு கொத்த வந்தது. எத்தனை நாளாக என்று கேட்டேன். பதினோரு நாள் என்றாய். முட்டை வைக்க வேண்டியதுதானே என்றேன். "நீங்க வந்துட்டீங்கல்ல, நீங்களே வைங்கப்பா. என் கையால வேணாம். அது ராசியில்லாத கை" என்று சிரித்தாய். மாப்பிள்ளை காப்பியை நீட்டிக்கொண்டே, "கோழிய விடுங்க மாமா. மருந்துக்கடை தெறக்குறோம், படிச்சது இவ, லைசென்ஸ் இவ பேர்ல, போர்டுல இவ பேரு. மொதப் போணிய மட்டும் எங்க அம்மா கையாலதான் பண்ணணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. நீங்களாவது சொல்லுங்க" என்றார். நான் என்ன சொன்னேன்? "பெரியவங்க கையால நடந்தா நல்லதுதானே" என்றேன். அவர் உள்ளே போய்விட்டார். நீ டம்ளரை வாங்கிக்கொண்டு போனாய். என் வாய் இருக்கிறதே, அதை எதைக் கொண்டு கழுவுவது என்று தெரியவில்லை.

எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைத்தால் சொல்லாமலே முடித்துவிடுவேன். உன் கை ராசியில்லாத கை இல்லை. அதற்கு அந்தப் பெயரை வைத்தவன் நான். உன் கையில் ஒரு குறையும் இல்லை என்று தெரிந்துகொண்டே வைத்தேன்.

உனக்கு ஏழு வயதிருக்கும்போது நம் வீட்டுக் கருப்புப் பெட்டைக்கு விளையாட்டாக நீ முட்டை வைத்தாய். ஏழு முட்டை, ஏழும் பொரித்தது. அடுத்து எதிர்வீட்டில் கூப்பிட்டார்கள், அங்கேயும் ஒன்று தவறவில்லை. அதோடு தெருவில் எந்தக் கோழி அடை படுத்தாலும் நீதான் வர வேண்டும் என்றாகிவிட்டது. கூடையில் மணலைக் கொட்டி, வைக்கோலைப் பரப்பி, இடிச் சத்தத்துக்குக் கரு கலங்காமலிருக்க ஒரு கரித்துண்டும் ஓர் இரும்பு ஆணியும் போட்டு வைத்துவிட்டு, "கைராசிக்காரிய வரச் சொல்லு" என்று சொல்லி அனுப்புவார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பையை எறிந்துவிட்டு, கையைக் கழுவிப் பாவாடையில் துடைத்துக்கொண்டு ஓடுவாய். வைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு முட்டையையும் காதோரம் வைத்துப் பார்ப்பாய். என்ன கேட்கிறது என்று ஒருநாள் கேட்டேன். "ஒண்ணும் கேக்காதுப்பா, சும்மாதான்" என்றாய். திரும்பி வரும்போது வாயில் யார் வீட்டுக் கடலை மிட்டாயாவது இருக்கும். எனக்கு உள்ளுக்குள் பெருமை தாங்காது. வெளியே காட்டிக்கொள்ளாமல், படிக்கிற வேலையைப் பார் என்று அதட்டுவேன்.

நீ ஐந்தாம் வகுப்புப் படித்த வருடம் எனக்குப் பெருவிடை என்கிற பெரிய ஜாதிக் கோழி வளர்க்கும் கிறுக்குப் பிடித்தது. குளத்தூர்ப் பக்கத்து ஆள் ஒருவரிடம் கெஞ்சிக் கூத்தாடி அந்தச் செங்கருப்புச் சேவலைக் குஞ்சாக வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி வந்தேன். வளர்ந்து நின்றபோது என் முழங்காலுக்கு மேல் இருந்தது. கறம்பக்குடி சந்தைக்குப் போகிறவர்கள்கூட வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போவார்கள். இது யார் வீட்டுச் சேவல் என்று கேட்டால் ஊரில் என் பெயரைச் சொன்னார்கள். அதற்கு முன்னால் என் பெயரை எதற்காகவும் யாரும் அப்படிச் சொன்னதில்லை, தாயி. இதை நியாயம் என்று சொல்லவில்லை. எவ்வளவு அற்ப விஷயத்துக்காக உன்னை விட்டுக்கொடுத்தேன் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்தச் சமயத்தில்தான் மூன்றாவது வீட்டு வளர்மதி வந்தாள். முறைக்கு எனக்குத் தங்கை, உனக்கு அத்தை. பள்ளிக்கூடத்துச் சத்துணவில் சமைத்துக்கொண்டிருந்தாள். கழிச்சல் நோய் வந்து அவள் வீட்டுக் கோழிகள் மொத்தமும் போய், ஒரே ஒரு பெட்டை மிஞ்சி, அது அடை படுத்திருந்தது. "அண்ணே, ஒம்போது முட்டை குடுங்கண்ணே. பொரிச்சதுல பாதி ஒங்களுக்கு, பாதி எனக்கு. ஒத்தையா நிக்கிற குஞ்சும் ஒங்களுக்கே. அந்தச் சேவலு வித்துல ரெண்டு உருப்படி என் வீட்டுல நின்னாப் போதும்" என்றாள். அடைக்கென்று கேட்டு வந்தவருக்கு முட்டை இல்லையென்று நம் தெருவில் யாரும் சொன்னதில்லை. நானும் சொல்லவில்லை. ஆனால் ஆறு மாதம் கழித்து அவள் வீட்டு வாசலிலும் இதே போல ஒரு சேவல் நிற்கும், வண்டிகள் அங்கேயும் நிற்கும் என்று நினைத்தேன். வயிறு எரிந்தது.

நம் வீட்டில் அப்போது இரண்டு கூண்டுகள். வேப்பமரத்தடியில் சேவலோடு நான்கு பெட்டைகள். மாட்டுக்கொட்டகையை ஒட்டி, சேவல் இல்லாமல் மூன்று பெட்டைகள். ஒன்றரை மாதமாக அவற்றைத் தனியே அடைத்திருந்தேன். சேவல் சேராத பெட்டையும் முட்டையிடும், ஆனால் அதில் கரு இருக்காது. அவித்துத் தின்னலாம், அடைக்கு ஆகாது. இரண்டு கூண்டுக்கும் தினமும் தீனி போட்டவள் நீ, உனக்குத் தெரியாததா. நான் மாட்டுக்கொட்டகைக் கூண்டிலிருந்து ஒன்பது முட்டைகளை எடுத்து, தூக்குவாளியில் தவிட்டுக்குள் பதித்து அவளிடம் கொடுத்தேன். முட்டைதானே கேட்டாள், முட்டைதானே கொடுத்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதோடாவது நின்றிருக்கலாம். "புள்ளைய அனுப்பி வைங்கண்ணே, அது கையால வச்சாத்தான் எனக்கு மனசு நெறையும்" என்றாள். போய்வா என்று உன்னையும் அனுப்பினேன். அதே நேரத்தில் நம் வீட்டிலும் ஒரு கோழி அடைக்கு இருந்தது. நீ அங்கே போயிருந்ததால், அதற்கு வேப்பமரத்துக் கூண்டு முட்டை பதினொன்றை உன் அம்மா வைத்தாள்.

ஏழாம் நாள் வளர்மதி வந்து, "டார்ச் அடிச்சுப் பாத்துருவமாண்ணே, கரு கட்டியிருக்கான்னு" என்று கேட்டாள். "வேணாம்த்தா, பெருவிடை முட்டை, வெளிச்சம் பட்டா கலைஞ்சு போயிரும்" என்றேன். வாய் கூசாத பொய். நீ உன் பெட்டைக்கு முட்டை வைத்தால் ஏழாம் நாள் தாராளமாக டார்ச் அடித்துப் பார். உள்ளே சிவப்பு நரம்பு ஓடியிருந்தால் கரு கட்டியிருக்கிறது. வெறுமையாகத் தெரிந்தால் எடுத்துவிடு. அந்த ஜீவன் நம்மை நம்பி உட்கார்ந்திருக்கிறது. ஒரு நாளைக்கு ஒரே ஒரு தடவை எழுந்து, அவசர அவசரமாக நாலு தானியம் கொத்திவிட்டு ஓடிவந்து படுத்துக்கொள்ளும். இருபத்தோரு நாளில் எழுந்திருக்க வேண்டிய வளர்மதி வீட்டுப் பெட்டை இருபத்தேழு நாள் அப்படிக் கிடந்தது. தூக்கினால் நெஞ்செலும்பு கையில் குத்தியது என்று உன் அம்மா வந்து சொன்னாள். நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டேன்.

அதைவிட, நீ. இருபதாம் நாளிலிருந்து தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே அவள் வீட்டுக்குப் போனாய். முட்டைகளைக் காதில் வைத்துவிட்டு வந்து, "நாளைக்குப் பொரிச்சிரும்ப்பா" என்பாய். மறுநாளும் அதையே சொல்வாய். நம் வீட்டில் உன் அம்மா வைத்த பதினொன்றும் பொரித்து, குஞ்சுகள் வாசலில் ஓடிக்கொண்டிருந்தன. நீ அவற்றைத் தொடக்கூட இல்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

இருபத்தெட்டாம் நாள் காலையில் தெருக்குழாயடியில் பெண்கள் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நீ சீருடையோடு பஸ்ஸுக்கு நின்றாய். வளர்மதி ஒன்பது முட்டையையும் அதே தூக்குவாளியில் கொண்டுவந்து காட்டினாள். "ஒண்ணுகூட பொரிக்கலண்ணே. என்னண்ணே இது?" என்றாள். சண்டை போடக்கூட இல்லை, கேட்கத்தான் கேட்டாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் சேவலின் பெயர் கெட்டுவிடுமே என்று ஒரு பயம். "எங்க வீட்டுல பதினொண்ணும் பொரிச்சிருக்கு. முட்டையில கோளாறு இல்லத்தா. வச்ச கை அப்படி" என்று சொன்னேன். அத்தனை பேர் முன்னால், நீ நிற்கும்போதே சொன்னேன். நீ என்னை ஒரு தடவை பார்த்தாய். பஸ் வந்தது, ஏறிப் போனாய்.

அந்த ஒரு வார்த்தையைத் தெரு பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு உன்னை யாரும் கூப்பிடவில்லை. ஏழாம் வகுப்பில் விதை முளைக்கவைத்துக் காட்டச் சொன்னபோது, உன் அவரை விதையை உன் தோழியைக் கொண்டு ஊன்ற வைத்தாய். நோட்டில் கையெழுத்துப் போட்டவன் நான்தான். வயலில் போர் போட்டபோது சின்னப் பிள்ளை தேங்காய் உடைக்கட்டும் என்று உன்னைத் தேடினார்கள், நீ மோட்டார் ரூமுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாய். உன் கல்யாணத்தில் நவதானியம் தெளிக்கும்போதுகூட அடுத்தவள் கையில் கிண்ணத்தைக் கொடுத்தாய். ஒவ்வொரு தடவையும் சொல்லியிருக்கலாம். சின்னப் பிள்ளை, புரியாது என்று முதலில் விட்டேன். அப்புறம் பரீட்சை, அப்புறம் காலேஜ், அப்புறம் சம்பந்தம் பேசுகிற நேரம். காரணத்துக்கு எனக்கு என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை.

அந்தச் சேவல் என்ன ஆயிற்று என்று உனக்குத் தெரியும். மறுவருடம் மழைக்காலத்தில் அதே கழிச்சல் நம் வீட்டுக்கும் வந்தது. சேவல், பெட்டை, குஞ்சு எல்லாம் நான்கே நாளில் முடிந்தது. அந்த வித்து ஊரில் வேறு எங்கேயும் இல்லை. வளர்மதிக்கு நல்ல முட்டை கொடுத்திருந்தால், போய் நின்று நாலு முட்டை திருப்பிக் கேட்டிருக்கலாம். நாம் முட்டையை அடுத்த வீட்டுக்குக் கொடுப்பது தர்மத்துக்காக இல்லை. ஒரு வீட்டில் அழிந்தால் இன்னொரு வீட்டில் இருக்கட்டும் என்றுதான். இந்தச் சின்ன விஷயம் மண்டையில் ஏற எனக்கு ஒரு கூண்டு காலியாக வேண்டியிருந்தது. அதனால் உனக்குச் சொல்கிறேன், பக்கத்து வீட்டில் கூச்சப்படாமல் போய் அடைக்கு முட்டை கேள். பொரித்ததில் பாதியை மனதோடு கொடு. நோஞ்சான் குஞ்சாகப் பொறுக்கிக் கொடுக்காதே. அடையைத் தெளியவைக்கிறேன் என்று அந்தப் பெட்டையைத் தண்ணீரில் முக்குவது, மூக்கில் இறகைச் செருகுவது இதெல்லாம் வேண்டாம். நான் எல்லாமும் செய்திருக்கிறேன். குஞ்சு வேண்டும் என்று அது கேட்பதற்குப் போய் அப்படி ஒரு தண்டனையைக் கொடுக்கிறோம்.

திருமயத்திலிருந்து வந்த மறுநாள் உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கையில் வைத்திருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "எம்புள்ளைய நானும்தானே சந்தேகப்பட்டேன்" என்றாள். இரண்டு நாள் சோற்றைப் போட்டு வைத்துவிட்டுப் போய்விடுவாள், பேச்சே இல்லை. மூன்றாம் நாள், "மொதல்ல அங்க போயிட்டு வாங்க" என்றாள். வளர்மதி வீட்டுக்குப் போனேன்.

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். நின்றுகொண்டே சொல்லி முடித்தேன். தலையை நிமிர்த்தாமல், "தெரியும்ணே" என்றாள்.

"எப்படித்தா?"

"அன்னைக்கு வீட்டுக்குப் போயி ஒம்போதையும் ஒடச்சுப் பாத்தேன். கையில கோளாறுன்னா குஞ்சு பாதியில செத்துக் கெடக்கணும். இதுல ஒரு நரம்புகூட ஓடல. சேவலே சேராத முட்டை. நானும் கோழி வளக்குறவதானண்ணே."

"தெரிஞ்சும் ஏன் என்னைய ஒரு வார்த்த கேக்கல?"

"சாயந்தரம் கேக்கத்தான் கெளம்புனேன். வழியில ஒங்க மக வந்துச்சு. மாட்டுக்கொட்டகைக் கூண்டு முட்டையா அதுன்னு கேட்டேன். தலையக் குனிஞ்சுக்கிட்டு, 'இல்லத்தை, வேப்பமரத்துக் கூண்டுதான். என் கைதான் சரியில்ல'ன்னு சொல்லுச்சு. நீங்க எடுத்தத அது பாத்திருக்குண்ணே. பத்து வயசுப் புள்ள அப்பன விட்டுக்குடுக்கல. அது மூடி வச்சத நான் எப்படித் தொறக்குறது?"

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருடமும் நீ அறியாத பிள்ளை, நான் மறைத்த அப்பன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். குழாயடியில் என்னை ஏன் அப்படிப் பார்த்தாய் என்று பதினேழு வருடம் கழித்துப் புரிகிறது. நான் உண்மையைச் சொல்வேன் என்று பார்த்திருக்கிறாய். பொரிக்காது என்று தெரிந்தும் தினமும் என்னிடம் வந்து 'நாளைக்குப் பொரிச்சிரும்ப்பா' என்றதும் அதற்காகத்தான். சொல்லவில்லை என்றதும் அந்தப் பழியை நீயே எடுத்து வைத்துக்கொண்டாய். அப்பனுக்காக ஒரு பொய் சொன்னாய், சரி. ஆனால் அதைச் சொல்லிச் சொல்லி நீயே நம்பிவிட்டாயா? உண்மை தெரிந்த உன் கையே இன்றைக்கு ஒரு முட்டை வைக்க, ஒரு மருந்து அட்டையை எடுத்துக் கொடுக்கப் பயப்படுகிறதே. இந்தக் கேள்வியை உன் முகத்தைப் பார்த்துக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. வெட்கமாக இருக்கிறது, தாயி.

எழுந்து வரும்போது வளர்மதியிடம், கடை திறப்புக்கு நீயும் வா என்றேன். "வாரேன். மொத ஆளா நின்னு அது கையால நான் வாங்குறேன். எனக்கும் முட்டிவலிக்கு ஒரு தைலம் வேணும். ஆனா அதுக்கு முன்னாடி நீங்க ஒங்க மககிட்ட ஒத்துக்கிட்டிருக்கணும். அது தலையில இருந்து நீங்க எறக்கி வச்சாத்தான் நான் பஸ் ஏறுவேன்" என்றாள். இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு அவளிடம் போய்ச் சொல்வேன். நேற்று உன் மாமியாருக்கும் போன் செய்து ஒன்று விடாமல் சொல்லிவிட்டேன். "போணிய மருமகளே பண்ணட்டும்ணே. நான் பக்கத்துல நிக்கிறேன்" என்றார். மாப்பிள்ளையிடமும் அவரே சொல்லிவிடுவதாகச் சொன்னார். மாப்பிள்ளை முகத்தில் இனி எப்படி விழிப்பது என்பது என் பாடு.

வியாழக்கிழமை உன் அம்மாவும் வளர்மதியும் முதல் பஸ்ஸில் கிளம்பி, புதுக்கோட்டையில் மாறி வருவார்கள். நீ கல்லாவுக்கு அந்தப் பக்கம் நில். அவள் கேட்பதை உன் கையால் எடுத்துக் கொடு. நானும் வருவேன், ஆனால் கடைக்குள் வர மாட்டேன், ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நிற்பேன். வந்தவர்கள் உங்கள் அப்பா ஏன் வெளியே நிற்கிறார் என்று கேட்பார்கள். வெயிலில் வந்த களைப்பு, வயசாகிவிட்டது என்று ஏதாவது சொல்லி என்னை உள்ளே கூப்பிட உனக்குத் தோன்றும். கூப்பிடாதே. கேட்கிறவர்களுக்கு நடந்ததைச் சொல். பத்து வயதிலிருந்து என்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாய், அதை இந்த வியாழக்கிழமையோடு நிறுத்திவிடு.

அப்பா